ஸ்கேன்ல கணையத்துல கொழுப்புன்னு வந்திருக்கா? சின்ன வயசுலயே வெயிட் ஏறினவங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வயித்து வலிக்கோ, ஃபேட்டி லிவர் இருக்கான்னு பாக்கறதுக்கோ ஒரு ஸ்கேன் எடுத்திருப்பீங்க. ரிப்போர்ட்ல லிவர், பித்தப்பை, கிட்னி எல்லாம் வரிசையா எழுதிட்டு நடுவுல ஒரே ஒரு வரி இருக்கும், கணையம் வழக்கத்தை விட வெள்ளையா தெரியுது, கொழுப்பு படிஞ்சிருக்கலாம்னு. டாக்டர் அதைப் பத்தி பெருசா எதுவும் பேசாம வெயிட்டைக் குறைங்கன்னு சொல்லி அனுப்பிடுவார். வீட்டுக்கு வந்து ஃபோன்ல தேடினா அது நேரா கேன்சர்ல போய் நிக்கும், அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. அதுவும் 16 வயசுப் பிள்ளையோட ரிப்போர்ட்னா கேக்கவே வேணாம்.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். இந்த ஒரு வரிக்குன்னு தனி மருந்து கிடையாது, அதுக்காக ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து பயப்படவும் வேணாம், ஆனா இதை சாக்கா வச்சு சுகர், ட்ரைகிளிசரைடு (ரத்தத்துல ஓடற ஒரு வகைக் கொழுப்பு), லிவர் மூணையும் இப்பவே பாத்துடணும். கணையத்தைத் துரத்தாதீங்க, இடுப்புச் சுத்தளவைத் துரத்துங்க.

படி 1: ரிப்போர்ட்டை ஒழுங்கா படிங்க

ஃபேட்டி பான்க்ரியாஸ், பான்க்ரியாட்டிக் ஸ்டியடோசிஸ், லிப்போமேட்டோசிஸ், இன்க்ரீஸ்டு எக்கோஜெனிசிட்டி, இப்படி ஆளுக்கு ஒரு பேர் போடுவாங்க. நடைமுறையில எல்லாரும் சொல்ல வர்றது கணையத்துல கொழுப்பு இருக்கற மாதிரி தெரியுதுங்கறதுதான்.

"தெரியுது"ங்கறதை கவனிங்க. கணையம் இரைப்பைக்குப் பின்னாடி, முதுகெலும்பை ஒட்டி குறுக்கே படுத்திருக்கற உறுப்பு. அல்ட்ராசவுண்ட் அலை முன்பக்கத்துல இருந்து உள்ள போகணும்னா வயித்துக் கொழுப்பையும் குடல்ல இருக்கற கேஸையும் தாண்டித்தான் போகணும். வெயிட் அதிகமா இருக்கறவங்களுக்கு இது ரெண்டுமே இடைஞ்சல், அதனால தலைப்பகுதி மட்டும் தெரிஞ்சு வால்பகுதி தெரியாமப் போறது ரொம்ப சகஜம். ரிப்போர்ட்ல "பார்ஷியலி விஷுவலைஸ்டு"னோ "அப்ஸ்க்யூர்டு பை பவல் கேஸ்"னோ இருந்தா அவங்க பாத்தது பாதிக் கணையத்தைத்தான்னு புரிஞ்சுக்கங்க.

இன்னொரு சிக்கல் இருக்கு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. கணையம் எவ்வளவு வெள்ளைன்னு சொல்றதுக்கு பக்கத்துல இருக்கற லிவரையோ கிட்னியையோ ஒப்பிட்டுத்தான் பாப்பாங்க. ஆனா ஃபேட்டி லிவர் இருக்கற ஒருத்தருக்கு லிவரும் வெள்ளையாத்தான் இருக்கும், அப்ப லிவரோட ஒப்பிட்டா கணையம் நார்மல் மாதிரியே தெரியும். கிட்னியோட ஒப்பிட்டா கதை மாறும். கணையத்துல தழும்பு விழுந்திருந்தாலும் அல்ட்ராசவுண்ட்ல வெள்ளையாவே காட்டும். அதனால அல்ட்ராசவுண்ட் சொல்றதை ஒரு சந்தேகமா எடுத்துக்கங்க, தீர்ப்பா எடுத்துக்காதீங்க.

அளந்து சொல்லணும்னா எம்ஆர்ஐதான். பிடிஎஃப்எஃப்னு ஒரு முறை இருக்கு, கொழுப்பு எத்தனை சதவீதம்னு நேரடியா நம்பர் கொடுக்கும். பல ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து 2017ல வந்த ஒரு அலசல்ல நார்மலுக்கு மேல் எல்லைன்னு சுமார் 6.2 சதவீதம் வந்துச்சு, ஆனா இது உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட எல்லையெல்லாம் இல்ல, வளர்ற வயசுக்குன்னு தனிக் கோடும் கிடையாது. பெரும்பாலானவங்களுக்கு இந்த எம்ஆர்ஐ தேவையே படாது, ஏன்னா நம்பர் 7 வந்தாலும் 12 வந்தாலும் அடுத்து செய்யப்போற வேலை ஒண்ணேதான். இதுக்காகவே சிடி எடுக்கறது சின்ன வயசுல தேவையில்லாத கதிர்வீச்சு. ஊசி போட்டு சதை எடுக்கற பயாப்சியை இதுக்கு யாரும் பண்றதில்ல.

படி 2: உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கங்க

கணையம் ஏறக்குறைய 15 செ.மீ நீளம், எடை 100 கிராமுக்குக் கிட்ட. பெரும்பகுதி வேலை சாப்பாடு செரிக்கற என்சைம்களை சுரக்கறது. இன்சுலின் சுரக்கற திட்டுகள் மொத்த எடையில 1 முதல் 2 சதவீதம்தான், அந்தக் கொஞ்சூண்டு செல்லை நம்பித்தான் ரத்த சர்க்கரையே ஓடுது.

குண்டா இருக்கறவங்க கணையத்துல கொழுப்பு அதிகம்ங்கறது புதுசு இல்ல, 1933லயே ஓகில்வின்னு ஒரு ஆய்வாளர் இறந்தவங்க உடலைப் பாத்து, ஒல்லியா இருந்தவங்களுக்கு சுமார் 9 சதவீதம், குண்டா இருந்தவங்களுக்கு சுமார் 17 சதவீதம்னு எழுதி வச்சாரு. அப்புறம் ரொம்ப காலம் யாரும் திரும்பிப் பாக்கல, எம்ஆர்ஐ வந்தப்புறம்தான் மறுபடி பேச ஆரம்பிச்சாங்க.

லிவர்ல கொழுப்பு செல்லுக்குள்ளயே போய் உக்காரும். கணையத்துல பெரும்பாலும் செல் கூட்டங்களுக்கு நடுவுல கொழுப்பு செல்களாவே வந்து குடியேறும், கொஞ்சம் செல்லுக்குள்ளயும் சேரும். தோலுக்கு அடியில கொழுப்பை சேமிக்க ஒவ்வொருத்தர் உடம்புக்கும் ஒரு கொள்ளளவு இருக்கு, அது நிரம்பிடுச்சுன்னா மிச்சம் வயித்துக்குள்ள, லிவர்ல, கணையத்துலன்னு கொழுப்புக்கான இடமே இல்லாத இடத்துக்கு வழிஞ்சு போகும். அந்தக் கொள்ளளவு ஆளுக்கு ஆள் மாறும். ஒரே வெயிட்ல இருக்கற ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு சுகர் வருது, இன்னொருத்தருக்கு வரலைங்கறதுக்கு இது ஒரு காரணம், "அவன் என்னை விட குண்டு, அவனுக்கு ஒண்ணும் இல்லையே"ங்கற வாதம் இங்கதான் அடிபடுது.

அப்படி சேர்ந்த கொழுப்பு சும்மா இருக்காது, கொழுப்பு அமிலங்களையும் வீக்கத்தைத் தூண்டற பொருள்களையும் பக்கத்துல விட்டுக்கிட்டே இருக்கும், இன்சுலின் செல் அதுல சோர்ந்து போகும்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. பிரிட்டன்ல நியூகாசில் பல்கலைக்கழகத்து ராய் டெய்லர் 2008ல இதை ரெண்டு சுழற்சியா விளக்கினார். லிவர்ல கொழுப்பு ஏற ஏற அது ரத்தத்துல கூடுதல் கொழுப்பை அனுப்பும், அது கணையத்துல சேரும், இன்சுலின் சுரப்பு குறையும், சர்க்கரை ஏறும், ஏறின சர்க்கரை மறுபடி லிவர்ல கொழுப்பாகும். ஆனா கணையக் கொழுப்புதான் சுகருக்குக் காரணமா, இல்ல ரெண்டும் ஒரே வேர்ல இருந்து வர்றதாங்கறதுல இன்னும் சண்டை ஓடிக்கிட்டுதான் இருக்கு, சுகரே இல்லாம கணையத்துல நிறைய கொழுப்போட இருக்கறவங்களும் உண்டு.

படி 3: வேற காரணம் இருக்கான்னு பாருங்க

வெயிட் அதிகமா இருந்து ஃபேட்டி லிவரும் கூட இருந்தா பெரும்பாலும் காரணம் அதுதான். ஆனா பிள்ளை ஒல்லியா இருந்து, வளர்ச்சி குறைவா இருந்து கணையம் முழுக்க கொழுப்புன்னு வந்தா அது வேற கதை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், ஷ்வாக்மன் டைமண்ட் சிண்ட்ரோம் மாதிரி பிறவி நோய்கள்ல கணையத்துப் பகுதி அழிஞ்சு அந்த இடத்துல கொழுப்பு வந்துடும். ரொம்ப நாளா ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கறது, உடம்பே ஸ்டீராய்டு ஹார்மோனை அதிகமா சுரக்கற குஷிங்ஸ் நோய், குடிப்பழக்கம், முன்னாடி வந்துபோன கணைய அழற்சி இதெல்லாமும் காரணமாகலாம். ஆஸ்துமாவுக்கோ தோலுக்கோ மாசக்கணக்கா ஸ்டீராய்டு போய்க்கிட்டிருந்தா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க, ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க, திடீர்னு நிறுத்தறது ஆபத்து. காலேஜ் படிக்கற வயசுன்னா குடி, சிகரெட் பத்தி டாக்டர் பிள்ளைகிட்ட தனியா பேச விடுங்க, அம்மா அப்பா பக்கத்துல உக்காந்திருந்தா உண்மை வராது.

படி 4: ஆபத்து எதுல எவ்வளவுன்னு பிரிச்சுப் பாருங்க

முதல் கவலை சுகர்தான், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம். சின்ன வயசுல வர்ற டைப் 2 சுகர் பெரியவங்களுக்கு வர்றதை விட முரட்டுத்தனமானது, இதை லேசா எடுத்துக்கறவங்களைப் பாத்தா எனக்கு கோவமே வரும். அமெரிக்காவுல டுடேங்கற பெரிய ஆய்வுல டைப் 2 சுகர் வந்த, 10 முதல் 17 வயசுல இருந்தவங்களைச் சேர்த்து வருஷக்கணக்கா கவனிச்சாங்க. மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை மட்டும் எடுத்தவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது போதலை. 2021ல வந்த தொடர்ச்சியில, சராசரி வயசு 26 ஆகும்போதே 60 சதவீதம் பேருக்கு கண், கிட்னி, நரம்பு இதுல ஏதாவது ஒண்ணுலயாவது பாதிப்பு வந்திருந்துச்சு. 26 வயசு, யோசிச்சுப் பாருங்க. அதனால சுகர் வர்றதுக்கு முன்னாடியே பிடிக்கறதுலதான் லாபம், அதுக்குத்தான் இந்த ஸ்கேன் வரி உதவும்.

அடுத்தது கணைய அழற்சி, அதாவது பான்க்ரியாடைட்டிஸ். கொழுப்பு இருக்கறதாலயே நாளைக்கே வந்துடும்னு இல்ல, ஆனா வந்துட்டா மோசமா வரும். அழற்சி வந்த கணையத்துல இருந்து கசியற லைபேஸ் என்சைம் சுத்தி இருக்கற கொழுப்பையே கரைக்கும், அதுல இருந்து வர்ற கொழுப்பு அமிலங்கள் திசுவை அழுகவச்சு கிட்னி, நுரையீரல் வரைக்கும் பாதிக்கும். குண்டா இருக்கறவங்களுக்கு பித்தப்பைக் கல்லும் அதிகம், ட்ரைகிளிசரைடும் அதிகம், ரெண்டுமே பான்க்ரியாடைட்டிஸுக்கு நேரடிக் காரணம். ட்ரைகிளிசரைடு 500ஐ தாண்டினாலே உஷார், 1000ஐ தாண்டினா ஆபத்து நிஜமாவே வாசல்ல நிக்குது.

செரிமானக் குறைவு வருமான்னு கேப்பாங்க. என்சைம் சுரப்புல கையிருப்பு நிறைய இருக்கறதால பெரும்பாலும் வராது. மலம் எண்ணெய் மிதக்கற மாதிரி, கழுவினாலும் போகாத மாதிரி, நாத்தமா போனா மட்டும் மலத்துல எலாஸ்டேஸ்ங்கற கணைய என்சைம் எவ்வளவுன்னு ஒரு டெஸ்ட் கேப்பாங்க, அது 200க்குக் கீழ வந்தா யோசிப்பாங்க.

கேன்சர். தேடின உடனே வர்றது இதுதான்ங்கறதால சொல்லிடறேன். கணையத்துல கொழுப்பு இருக்கறவங்களுக்கு கணையப் புற்றுநோய் அதிகமா பதிவாகியிருக்குன்னு ஆய்வுகள் இருக்கு, உடல் பருமனே அதுக்கு ஒரு காரணம்ங்கறதும் தெரிஞ்ச விஷயம். ஆனா அந்தக் கேன்சர் பெரும்பாலும் வயசான பிறகு வர்றது, 18 வயசுக்காரருக்கு அந்த வாய்ப்பு ரொம்ப ரொம்ப சின்னது. இதுக்காக வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்கச் சொல்லி எந்த வழிகாட்டுதலும் இல்ல. சிகரெட்டை விடறது இதுல உங்க கையில இருக்கற பெரிய விஷயம்.

படி 5: என்னென்ன டெஸ்ட்

அமைலேஸ், லைபேஸ்னு கணைய என்சைம் ரத்த டெஸ்ட் எடுத்தா கண்டுபிடிச்சிடலாம்னு நினைக்காதீங்க, கொழுப்பு மட்டும் இருந்தா அது ரெண்டும் பெரும்பாலும் நார்மலாத்தான் வரும். வலி இருந்தாதான் அதுக்கு வேலை.

சுகருக்கு: வெறும் வயித்துல 100 முதல் 125 வரை வந்தா சுகருக்கு முந்தின கட்டம், 126ம் அதுக்கு மேலயும் சுகர். மூணு மாச சராசரி எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை முந்தின கட்டம், 6.5 வந்தா சுகர். குளுக்கோஸ் தண்ணி குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுக்கறதுல 140 முதல் 199 வரை முந்தின கட்டம், 200 வந்தா சுகர். அறிகுறியே இல்லாம ஒரு தடவை ஏறி வந்தா இன்னொரு டெஸ்ட் போட்டு உறுதி பண்ணுவாங்க. இரும்புச்சத்து குறைவா ரத்தசோகை இருந்தா எச்பிஏ1சி பொய்யா கூடுதலா காட்டலாம், டீன் ஏஜ் பொண்ணுங்களுக்கு இது அடிக்கடி நடக்கறதால ஹீமோகுளோபினையும் சேர்த்தே பாருங்க. வெறும் வயித்து இன்சுலினை லேப் பேக்கேஜ்ல சேர்த்து விப்பாங்க, லேபுக்கு லேப் அளவு மாறும், அதை மட்டும் வச்சு முடிவு எடுக்க முடியாது.

இதோட லிப்பிட் ப்ரொஃபைல் (ரத்தக் கொழுப்பு டெஸ்ட்), எஎல்டி (ALT, லிவர் பாதிப்பைக் காட்டற ரத்த டெஸ்ட்), பிபி. எஎல்டியில ஒரு விஷயம், லேப் சீட்டுல நார்மல்னு 40, 50 வரை போட்டிருக்கும், ஆனா வளர்ற வயசுக்கு பையன்னா 26, பொண்ணுன்னா 22 தான் மேல் எல்லைன்னு குழந்தைகள் லிவர் டாக்டர்கள் எடுத்துக்கறாங்க. அதனால 45 வந்து "நார்மல்"னு இருந்தாலும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.

டெஸ்ட்டே இல்லாம பாக்கக்கூடியதும் உண்டு. பின்கழுத்து, அக்குள் இதுல தோல் கறுத்து தடிச்சு வெல்வெட் மாதிரி இருக்கான்னு பாருங்க. நிறைய வீட்டுல இதை அழுக்குன்னு நினைச்சு, பிள்ளைய உக்கார வச்சு சோப்பு போட்டு தேய் தேய்னு தேய்ப்பாங்க, பிள்ளைக்குக் கழுத்து சிவந்து எரியும், கறுப்பு மட்டும் அப்படியே இருக்கும். அது அழுக்கு இல்ல, இன்சுலின் சரியா வேலை செய்யலைங்கறதோட அடையாளம். இன்சுலின் சரியானா அதுவும் மெல்ல குறையும். பொண்ணுங்களுக்கு பீரியட்ஸ் தள்ளித் தள்ளிப் போறது, முகத்துல முடி வர்றது இருந்தா பிசிஓஎஸ்ங்கற ஹார்மோன் கோளாறு பத்தியும் கேளுங்க.

இடுப்பு அளக்கறதுக்கு பேன்ட் சைஸ் உதவாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேல் விளிம்புக்கும் நடுவுல டேப்பை வச்சு, மூச்சை சாதாரணமா விட்ட பிறகு, இறுக்காம அளங்க. அது உயரத்துல பாதியைத் தாண்டக்கூடாது, 160 செ.மீ உயரம்னா 80 செ.மீ. இதை எழுதி வச்சுக்கங்க, மிச்ச வேலையெல்லாம் இந்த நம்பரை வச்சுத்தான்.

படி 6: குறைக்கறது எப்படி

முதல்ல நல்ல செய்தி. கணையத்துக் கொழுப்பு போகக்கூடியதுதான். ராய் டெய்லர் குழு 2011ல சுகர் வந்த 11 பெரியவங்களை 8 வாரம் ரொம்பக் குறைஞ்ச கலோரியில வச்சு பாத்தாங்க, கணையக் கொழுப்பு சராசரியா 8ல இருந்து 6.2 சதவீதத்துக்கு இறங்குச்சு, இன்சுலின் சுரப்பும் திரும்ப வந்துச்சு. 2018ல வந்த, டைரக்ட்னு பேர் வச்ச பிரிட்டன் ஆய்வுல 15 கிலோவோ அதுக்கு மேலயோ குறைச்சவங்கள்ல 86 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்துல சுகர் மருந்தில்லாமலே கட்டுக்குள்ள வந்துச்சு. ஆனா அதெல்லாம் பெரியவங்க, டாக்டர் கண்காணிப்புல. வளர்ற பிள்ளைய அப்படிப் பட்டினி போடாதீங்க. உயரம் இன்னும் ஏறிக்கிட்டிருக்கற வயசுல பல பேருக்கு வெயிட் ஏறாம நின்னாலே உயரத்துக்கும் வெயிட்டுக்குமான விகிதம் சரியாகிடும். வளர்ச்சி முடிஞ்சவங்க மொத்த எடையில 5 முதல் 10 சதவீதம் குறைச்சாலே லிவர்லயும் ட்ரைகிளிசரைடுலயும் வித்தியாசம் தெரியும்.

எதுல ஆரம்பிக்கறது? குடிக்கறதுல ஆரம்பிங்க, வேற எதையும் தொடாதீங்க. 330 மில்லி கோலாவுல சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி 2000 கலோரி சாப்பிடற ஒருத்தருக்கு நாளைக்கு 50 கிராமுக்குள்ள, முடிஞ்சா 25 கிராமுக்குள்ள, அப்ப ஒரே கேன்ல 25 தாண்டிடுச்சு. பாக்கெட் ஜூஸ், எனர்ஜி ட்ரிங்க், இனிப்பு போட்ட காபி எல்லாமே இதுல வரும், பழத்தைப் பிழிஞ்ச வீட்டு ஜூஸும்தான். குடிச்ச கலோரிக்கு வயிறு நிறையாது, அதுல இருக்கற ஃப்ரக்டோஸ்ங்கற சர்க்கரை நேரா லிவருக்குப் போய் கொழுப்பாகும், அங்க இருந்துதான் மிச்சக் கதை. ஒரு மாசம் இது ஒண்ணை மட்டும் மாத்திட்டு அப்புறம் அடுத்ததுக்குப் போங்க. அடுத்ததுன்னா பாக்கெட் ஸ்நாக்ஸ், ராத்திரி லேட்டா சாப்பிடறது, தட்டுல புரதமும் காயும் கூட்டி மாவுச்சத்தைக் குறைக்கறது, அவ்வளவுதான், பெரிய வித்தையெல்லாம் இல்ல.

நடமாட்டம்: 17 வயசு வரை தினமும் 60 நிமிஷம், அதுக்கு மேல வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம். ஜிம்முக்குப் போகத் தயங்கற பிள்ளைங்க நிறைய பேர் உண்டு, மத்தவங்க பாப்பாங்களேன்னு. வீட்டுலயே ரெசிஸ்டன்ஸ் பேண்டு, படியேறறது, பாட்டுப் போட்டு ஆடறது எல்லாமே கணக்குதான். வெயிட் மெஷின் அசையலைன்னாலும் தசை வேலை செய்ய ஆரம்பிச்சா இன்சுலின் நல்லா வேலை செய்யும்.

தூக்கம் 13 முதல் 18 வயசுக்கு 8 முதல் 10 மணி நேரம். குறட்டை பலமா விட்டு பகல்ல தூங்கி விழுந்தா ஸ்லீப் ஆப்னியாவான்னு (தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றது) பாக்கணும், அதை விட்டுட்டு டயட் மட்டும் பண்ணி பலன் இல்ல.

பெத்தவங்களுக்கு ஒண்ணு. வீட்டுல எல்லாரும் கோலா குடிச்சிட்டு ஒரு பிள்ளைக்கு மட்டும் தண்ணி கொடுத்தா அது ரெண்டு வாரம் தாங்காது. சொந்தக்காரங்க முன்னாடி வெயிட்டைப் பத்தி கேலி பேசறதை முதல்ல நிறுத்துங்க, கேலி செய்யப்படற பிள்ளைங்களுக்கு வெயிட் கூடத்தான் செய்யுது, ஒளிச்சு வச்சு சாப்பிடற பழக்கமும் அங்கதான் ஆரம்பிக்கும்.

படி 7: மருந்து, ஆபரேஷன்

கணையக் கொழுப்புக்குன்னு அனுமதி வாங்கின மருந்து எதுவும் இல்ல. உடல் பருமனுக்கு உண்டு. லிராக்ளூட்டைடுங்கற ஊசி 2020லயும், செமாக்ளூட்டைடுங்கற ஊசி 2022லயும் 12 வயசுல இருந்தே போடலாம்னு அமெரிக்காவுல அனுமதி வந்துச்சு. செமாக்ளூட்டைடு போட்ட டீன் ஏஜ் பிள்ளைங்களுக்கு 68 வாரத்துல பிஎம்ஐ சராசரியா 16 சதவீதம் குறைஞ்சுது. வாந்தி, குமட்டல் உண்டு, பித்தக்கல் வாய்ப்பு கூடும், நிறுத்தினா வெயிட் திரும்ப ஏறும். முன்னாடி பான்க்ரியாடைட்டிஸ் வந்திருந்தா இந்த ஊசி பத்தி ரொம்ப யோசிச்சுத்தான் முடிவு எடுப்பாங்க, மறைக்காம சொல்லிடுங்க. ரொம்பத் தீவிரமா இருக்கறவங்களுக்கு 13 வயசுல இருந்தே வெயிட் குறைக்கற ஆபரேஷன் பத்தி ஆலோசிக்கலாம்னு அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2023ல சொல்லியிருக்கு.

டீடாக்ஸ் பொடி, கணையம் சுத்தம் பண்ற கஷாயம், வெப்சைட்ல விக்கற என்சைம் மாத்திரை இதெல்லாம் வேணாம். பத்தே நாள்ல அஞ்சு கிலோன்னு எவன் சொன்னாலும் வேணாம், வேகமா குறைச்சா பித்தப்பையில கல் வரும், அந்தக் கல் இறங்கி குழாயை அடைச்சா வர்றது பான்க்ரியாடைட்டிஸ், எதுக்குப் பயந்தோமோ அதையே நாமளே கூப்பிட்ட மாதிரி.

படி 8: எப்ப ஓடணும், எப்ப மறுபடி பாக்கணும்

மேல் வயித்துல திடீர்னு கடுமையான வலி, முதுகுப் பக்கம் பாயுது, படுத்தா கூடுது, குனிஞ்சு உக்காந்தா கொஞ்சம் பரவாயில்ல, கூடவே வாந்தின்னா கேஸ் மாத்திரை போட்டு காலையில பாக்கலாம்னு இருக்காதீங்க, அப்பவே எமர்ஜென்சிக்குப் போங்க. அதே மாதிரி தாங்காத தாகம், ராத்திரியில நாலு தடவை யூரின், முயற்சியே இல்லாம வெயிட் இறங்கறது, வேக வேகமா மூச்சு வாங்கறது இருந்தா சுகர் உச்சத்துல இருக்கலாம், டைப் 2லயும் இது நடக்கும். டயட் பலிச்சு இளைக்கறான்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்துடாதீங்க.

அப்படி எதுவும் இல்லைன்னா இடுப்பளவு மாசத்துக்கு ஒரு தடவை போதும், தினமும் மெஷின்ல ஏறி நின்னா மனசுதான் கெடும். ரத்த டெஸ்ட் நார்மலா இருந்தா மறுபடி எப்பன்னு டாக்டர் சொல்வார், முந்தின கட்டம்னா பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது, வெயிட் ஏறிக்கிட்டே போனா அதுக்கு முன்னாடியே. அல்ட்ராசவுண்டை அடிக்கடி எடுத்து கணையம் கொஞ்சம் கறுத்திருக்கா வெளுத்திருக்கான்னு பாக்கறதுல அர்த்தம் இல்ல, மெஷின் மாறினா, பாக்கற ஆள் மாறினா ரிப்போர்ட்டும் மாறும். 18 வயசு தாண்டி குழந்தைகள் டாக்டர்கிட்ட இருந்து பெரியவங்க டாக்டருக்கு மாறும்போதுதான் நிறைய பேர் வர்றதையே நிறுத்திடறாங்க, பழைய ஃபைலும் காணாமப் போயிடும், அதனால எச்பிஏ1சி, எஎல்டி, ட்ரைகிளிசரைடு, இடுப்பளவு நாலையும் தேதியோட பிள்ளையோட ஃபோன்லயே ஒரு நோட்ல போட்டு வைக்கச் சொல்லுங்க, புது டாக்டர்கிட்ட முதல் நாளே அதைக் காட்டட்டும்.